தாமாகவே கற்கும் திறன்

அந்தப் பள்ளியின் தலைமையாசிரியருக்குத் தொடர்வண்டி என்று பெயர் வைத்தது யாரென்று தெரியவில்லை. வைத்தவருக்கு மொழிப்பாடத்தில் முழு மதிப்பெண் கொடுத்திருக்கலாம். காலைக் கூட்டத்தில் அவர் ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால் அது பெட்டி பெட்டியாகப் போய்க்கொண்டே இருக்கும். எழுவாய் எப்போதோ கிளம்பியிருக்கும். பயனிலை எந்த நடைமேடையில் வந்து சேரும் என்பது அவருக்கே தெரியாது. நடுவில் ஒரு பிள்ளை வெயிலில் மயங்கி விழுந்தால்கூட, "விழுந்துள்ள இந்நிலையில்" என்று அதையும் வாக்கியத்துக்குள் ஏற்றிக்கொண்டு மேலே போவார்.

அப்படிப்பட்ட பள்ளியில், பிள்ளைகளுக்கு வாக்கியத்தை முடிக்கக் கற்றுக்கொடுக்கும் வேலை ஒன்பதாம் வகுப்புத் தமிழாசிரியைக்கு வாய்த்திருந்தது. மழையில் நின்றுகொண்டு துணி காயப்போடுகிற மாதிரியான வேலை. போதாக்குறைக்கு அவருடையது தற்காலிகப் பணி. ஆண்டுதோறும் தலைமையாசிரியர் கையெழுத்துப் போட்டால்தான் அடுத்த ஆண்டு உண்டு.

வகுப்பில் அவருக்கு இரண்டு சோதனைகள். ஒருத்தியை எல்லோரும் மூச்சு என்று கூப்பிட்டார்கள், பேசும்போது அவள் விடாத ஒன்று அது என்பதால். அவளுடைய கட்டுரைகளும் அப்படியே. இன்னொருவன் தந்தி. ஒரு சொல்லில் முடிகிற விஷயத்துக்கு இரண்டாவது சொல்லைச் செலவழிப்பதை அவன் ஊதாரித்தனமாகக் கருதினான்.

'விடுமுறையில் ஒரு நாள்' என்ற தலைப்பில் மூச்சு எழுதியதை டீச்சர் ஒருநாள் வகுப்பில் வாசித்தார். "நேற்று நாங்கள் மாமா வீட்டுக்குப் போனோம் அங்கே ஒரு நாய் இருந்தது அது என்னைப் பார்த்துக் குரைத்தது மாமா ஓடி வந்து அதைப் பிடித்தார் அத்தை கத்தியோடு வந்தார் பிறகு எல்லோரும் வயிறு நிறையச் சாப்பிட்டோம்."

சிரிப்பில் பெஞ்சுகள் அதிர்ந்தன.

மூச்சு துள்ளி எழுந்தாள். "ஐயோ டீச்சர், அத்தை பழம் வெட்டத்தான் கத்தி கொண்டு வந்தாங்க, அதுக்கு முன்னாடியே மாமா நாயைக் கட்டிப் போட்டுட்டாரு, அது இப்பவும் நல்லாத்தான் இருக்கு, வேணும்னா போன் பண்ணிக் கேளுங்க, அத்தைகூட..."

"நிறுத்து. நாய் உயிரோட இருக்குன்னு உனக்குத் தெரியும். படிக்கிறவங்களுக்குத் தெரியுமா? உங்க அத்தையைப் பத்தி நான் என்னென்னவோ நினைச்சுட்டேன். நாய்க்கு ஒரு வாக்கியம் கொடு. அத்தைக்கு ஒரு வாக்கியம் கொடு. கத்தி எதுக்குன்னும் சொல்லிடு. ரெண்டு பேரையும் ஒரே வாக்கியத்துல விடாதே."

அன்று முழுக்க அதே பாடம்தான். போனோம், இருந்தது, குரைத்தது என்று ஒவ்வொரு வினைமுற்றின் மேலும் டீச்சர் சாக்பீஸால் வட்டம் போட்டார். "முற்றுன்னா என்ன அர்த்தம்? முடிஞ்சது. முடிஞ்ச இடத்துல ஒரு புள்ளி வைக்க உங்களுக்கு என்ன கஷ்டம்? புள்ளி வேண்டாம்னா முற்றை எச்சமா மாத்துங்க. 'போனோம் பார்த்தோம்' இல்ல, 'போய்ப் பார்த்தோம்'. ஆனா எச்சத்தையே அடுக்கிக்கிட்டுப் போகாதீங்க. ஒண்ணு, ரெண்டு போதும்."

"அதுக்கு மேல போனா?" என்றான் தந்தி.

"காலைக் கூட்டம் மாதிரி ஆயிடும்" என்று சொல்லிவிட்டு டீச்சர் நாக்கைக் கடித்துக்கொண்டார். சொன்னது சொன்னதுதான். அதற்கும் புள்ளி வைத்தாகிவிட்டது.

அடுத்தது சுருக்கி எழுதுதல். பாடநூலில் மண்புழுவைப் பற்றி ஒரு பக்கக் கட்டுரை இருந்தது. மண்புழு மண்ணை எப்படிக் கிளறுகிறது, அதனால் வேருக்குக் காற்று எப்படிப் போகிறது, ரசாயன உரம் அதை எப்படிக் கொல்கிறது என்பதையெல்லாம் மூன்றில் ஒரு பங்காகச் சுருக்க வேண்டும். முதல் வரியையும் கடைசி வரியையும் அப்படியே எடுத்து எழுதிவிட்டு, நடுவில் மண்புழு என்ன செய்தால் நமக்கென்ன என்று பாதி வகுப்பு இருந்துவிட்டது. சிலர் 'எனவே நாமும் மண்புழுவைப் போல் உழைப்போம்' என்று அறிவுரை சேர்த்திருந்தார்கள். மூச்சு எழுதிய சுருக்கம் மூலத்தைவிட நீளமாக இருந்தது. அவள் மாமாவின் தோட்டமும் உள்ளே வந்திருந்தது. தந்தி 'மண்புழு நல்லது' என்று எழுதியிருந்தான்.

"இது சுருக்கம் இல்லடா, சுவர் விளம்பரம்" என்றார் டீச்சர். பிறகு விதிகளைப் பலகையில் எழுதிப் போட்டார். அலங்காரத்தை விடு. திரும்பச் சொன்னதை விடு. முக்கியமானதை விடாதே. உன் கருத்தைச் சேர்க்காதே.

பலகையிலிருந்து அந்த விதிகள் அழியும் முன்பே தலைமையாசிரியரிடமிருந்து அழைப்பு வந்தது.

ஆண்டு விழா நெருங்கிக்கொண்டிருந்தது. ஆண்டறிக்கையைத் தலைமையாசிரியரே எழுதி, தலைமையாசிரியரே மேடையில் வாசிப்பது வழக்கம். சென்ற ஆண்டு சிறப்பு விருந்தினர் அறிக்கையின் நடுவில் கை கழுவிவிட்டு வருவதாகச் சொல்லி எழுந்து போனவர், அப்படியே வீட்டுக்குப் போய்விட்டார். பரிசுக் கோப்பைகளை வாட்ச்மேன்தான் வழங்க வேண்டியிருந்தது. ஆகவே இந்த ஆண்டு நிர்வாகக் குழுத் தலைவர் கறாராகச் சொல்லிவிட்டார்: அறிக்கை ஒரே பக்கம்.

தலைமையாசிரியர் ஒரு தடித்த ஃபைலை மேசைமேல் தள்ளினார். "டீச்சர், இதுல எந்த வார்த்தைய எடுக்குறதுன்னு எனக்குப் புரியல. எல்லாமே தேவையாத்தான் இருக்கு. நீங்க சுருக்கி எழுதுறது சொல்லிக் கொடுக்குற விஷயம், அதாவது மாணவர் நலன் கருதி நீங்க எடுத்துக்கிட்ட அந்த முயற்சியோட அடிப்படையில, விழாவும் நெருங்கிட்ட இந்தச் சூழ்நிலையில, ஒரு பக்கத்துக்கு மிகாம..."

"நாளைக்குத் தர்றேன் சார்" என்று டீச்சர் இடையில் புகுந்து வாக்கியத்தை முடித்துவைத்தார்.

ஆசிரியர் அறைக்கு வந்து படித்துப் பார்த்தார். அதில் எச்சங்கள் மட்டுமே இருந்தன, முற்றே இல்லை. பள்ளி வாசலில் நிற்கும் சிலையின் தலையில்கூடப் புறாக்கள் அவ்வளவு எச்சம் விட்டதில்லை. அறிவியல் பற்றிய பகுதி இப்படி இருந்தது:

"மாணவர் நலனையே உயிர்மூச்சாகக் கொண்டு இயங்கிவரும் இப்பள்ளியானது, ஒன்பதாம் வகுப்பில் அறிவியல் பாடத்தைப் பொறுத்தமட்டில், ஆசிரியர் பணியிடம் சார்ந்த சூழலைக் கருத்திற்கொண்டு, மாணவர்கள் தாமாகவே கற்கும் திறனை வளர்த்துக்கொள்ளும் நல்வாய்ப்பினை ஏற்படுத்தித் தந்துள்ளதோடு, நூலகத்தில் நூல்களின் பாதுகாப்பு முழுமையாக உறுதிசெய்யப்பட்டுள்ளதையும், தண்ணீர்ச் சிக்கனம் குறித்த விழிப்புணர்வு மாடிக் குழாய்கள் வாயிலாகச் செயல்முறையிலேயே ஊட்டப்பட்டு வருவதையும் பெருமகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்ளும் அதே வேளையில்,"

அந்தக் காற்புள்ளியோடு பக்கம் முடிந்து அடுத்த பக்கம் தொடங்கியது. பெருமகிழ்ச்சி மட்டும் குறையவில்லை.

டீச்சர் நேராக ஒன்பதாம் வகுப்புக்குப் போனார். வேண்டுமென்று செய்தாரா, வேலைச் சுமையால் செய்தாரா என்று பின்னாளில் பலர் கேட்டார்கள். இரண்டும்தான். பிள்ளைகளைக் குழுக்களாக உட்காரவைத்து, அறிக்கையை ஒரு குழுவுக்குச் சில பக்கங்களாகப் பிரித்துக் கொடுத்து, "இதுல யாரு என்ன செஞ்சாங்கன்னு மட்டும் கண்டுபிடிங்க. மண்புழுவுக்குச் செஞ்சதையே இதுக்கும் செய்ங்க" என்றார்.

வகுப்பு வேலையில் இறங்கியது. வினையைத் தேடி ஒரு குழு பக்கத்தைத் தலைகீழாகக்கூடப் பிடித்துப் பார்த்தது.

"டீச்சர்" என்றாள் மூச்சு, "ஆசிரியர் பணியிடம் சார்ந்த சூழல்னா என்ன?"

"சார் இல்ல" என்றான் தந்தி.

டீச்சர் சட்டென்று பலகைப் பக்கம் திரும்பி, ஏற்கெனவே சுத்தமாக இருந்த பலகையைத் துடைக்கத் தொடங்கினார். சிரிப்பு அடங்கிய பின் திரும்பினார். ஆண்டுத் தொடக்கத்தில் வேலையை விட்டுப் போன அறிவியல் ஆசிரியரின் இடத்துக்கு இன்னும் யாரும் வரவில்லை. அந்த வகுப்பு நேரத்தில் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்பது மைதானத்தில் எழும் புழுதியைப் பார்த்தாலே தெரியும்.

"நூல்களின் பாதுகாப்பு?" என்று இன்னொரு குழு கேட்டது.

"பூட்டு."

"மாடிக் குழாய் வாயிலாக?"

"காத்து."

"சொந்தக் கருத்தைச் சேர்க்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கேன்" என்று டீச்சர் எச்சரித்தார்.

"கருத்து இல்ல டீச்சர். பூட்டு" என்றான் தந்தி. அவனுக்கு அது நீண்ட சொற்பொழிவு.

மணி அடிக்கும்போது வேலை முடிந்திருந்தது. தந்தி எழுந்து, சுருக்கம் அவ்வளவு தேறவில்லையே என்ற தன் ஐயத்தைக் கேட்டான். "மூணுல ஒரு பங்கு?"

மூச்சின் கையெழுத்தில், ஒவ்வொரு வரிக்கும் முற்றுப்புள்ளியோடு, தாள் டீச்சர் கைக்கு வந்தது. 'இந்த ஆண்டு ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் ஆசிரியர் இல்லை. நூலகம் பூட்டியே இருக்கிறது. மாடியில் தண்ணீர் வருவதில்லை. ஓட்டப்பந்தயத்தில் நம் பள்ளி இரண்டாம் இடம் பெற்றது. முன்பக்கச் சுவருக்கு வெள்ளையடிக்கப்பட்டது.'

ஒரு பிழை இல்லை. பயமாக இருந்தது.

வீட்டுக்குப் போனதும் கணவரிடம் காட்டினார். அவர் ஒரு வக்கீல் அலுவலகத்தில் தட்டச்சர். மேற்படி சொத்தும் அதன் நான்கெல்லையும் ஒரே வாக்கியத்தில் ஓடுகிற இடத்தில் காலம் தள்ளுபவர். தாளைப் படித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"எங்க ஆபீஸ்ல இப்படி எழுதினா கேஸே முடிஞ்சு போயிடும்."

"முடிஞ்சா நல்லதுதானே?"

"யாருக்கு?" என்றார் அவர். பிறகு மனைவியின் முகத்தைப் பார்த்துக் குரலை இறக்கிக்கொண்டார். "இங்க பாரும்மா, உன் வேலையே அந்த மனுஷன் கையெழுத்துலதான் ஓடுது. ஒரு 'எனினும்' போடு. எனினும் போட்டா எதையும் காப்பாத்திடலாம். 'அறிவியல் ஆசிரியர் இல்லை, எனினும்...' அப்படின்னு இழு."

டீச்சர் உட்கார்ந்து இழுத்துப் பார்த்தார். எனினும் போட்டார். எனினும் தனியாக நிற்காது என்பதால் ஒரு நல்வாய்ப்பையும் போட்டார். நல்வாய்ப்புக்குத் துணையாகப் பெருமகிழ்ச்சியும் வந்து உட்கார்ந்தது. எழுதியதை வாசித்தபோது சிவப்புப் பேனா தானாகவே போய் 'எனினும்' மேல் வட்டம் போட்டுவிட்டது. முக்கியமானதை மழுப்பியதற்காக இதே வகுப்புக்கு அவர் மதிப்பெண் குறைத்திருக்கிறார். பிள்ளைகள் சரியாகச் செய்ததைத் தானே கெடுத்துக் கொடுத்தால், நாளை எந்த முகத்தோடு பலகை முன் நிற்பது? பிள்ளைகள் எழுதியதை அப்படியே நல்ல தாளில் படியெடுத்தார்.

மறுநாள் தலைமையாசிரியர் விழா மேடையில் திரைச்சீலையின் நீளத்தை அளந்துகொண்டிருந்தார். தாளை வாங்கி, ஒரு முழம் தள்ளிப் பிடித்து, ஓவியத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"அழகா ஒரு பக்கத்துக்குள்ள அடங்கிடுச்சே! மிச்சமும் இருக்கு."

"சார், ஒரு தடவை படிச்சுப் பார்த்துடுங்க."

"நான் எழுதினதை நானே படிக்கணுமா டீச்சர்?" என்று சிரித்தார் அவர்.

"கட்டாயம் படிங்க சார். ரொம்பச் சுருங்கிப் போயிருக்கு."

"சுருங்கினா என்ன, சாரம் மாறாதில்ல?"

"சாரம் மட்டும்தான் சார் இருக்கு" என்றார் டீச்சர். இதற்கு மேல் எப்படிச் சொல்வது? தலைமையாசிரியர் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரைச்சீலைக்குத் திரும்பினார்.

விழா மாலையில் பெற்றோர் கூட்டம் நிறைந்திருந்தது. ஆண்டறிக்கை என்று அறிவித்ததும் அரங்கம் அதற்கேற்ப ஆயத்தமானது. அனுபவமுள்ளவர்கள் நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தார்கள். ஒரு தாத்தா காதில் பஞ்சு வைத்துக்கொண்டார். சிறப்பு விருந்தினராக வந்திருந்த கண் மருத்துவர் வாசல் எந்தப் பக்கம் என்று பார்த்து வைத்துக்கொண்டார். தலைமையாசிரியர் தாளைப் பிரித்தார்.

"இந்த ஆண்டு ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் ஆசிரியர் இல்லை."

அத்துடன் நின்றார். அடுத்து ஒரு காற்புள்ளியோ, ஒரு 'எனினும்'மோ, பற்றி ஏற ஒரு கைப்பிடியோ தாளில் இல்லை. தாளைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது.

அவர் பேச்சில் ஒரு வாக்கியம் முடிந்து அந்த அரங்கம் கேட்டதில்லை. அந்த அதிர்ச்சியிலேயே பேச்சரவம் அடங்கிவிட்டது. மூன்றாவது வரிசையில், பணியிலிருந்து சீருடையோடு நேராக வந்திருந்த ஒரு செவிலியர் எழுந்து நின்றார். மூச்சின் அம்மா.

"என்ன சார் சொல்றீங்க? சயின்ஸுக்கு டீச்சரே இல்லையா? என் பொண்ணு தினமும் வந்து சயின்ஸ் பீரியட் ரொம்ப நல்லா போச்சுன்னு சொல்றாளே!"

அது உண்மைதான், நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. உலகத்தில் உள்ள எல்லாவற்றையும் அம்மாவிடம் ஒப்பிக்கிற மூச்சு, இந்த ஒரு விஷயத்தை மட்டும் மிகத் திறமையாகச் சுருக்கியிருந்தாள். இப்போது நாற்காலிக்குக் கீழே செருப்பைத் தேடுவதுபோல் குனிந்திருந்தாள்.

மற்ற பெற்றோரும் எழுந்தார்கள். மேடையில் நிர்வாகக் குழுத் தலைவர் தலைமையாசிரியர் பக்கம் சாய்ந்து கிசுகிசுத்தார். மைக் இருவருக்கும் நடுவில் இருந்ததால் ஊரே கேட்டது.

"என்ன சார் இது, மானம் போகுது! ஆள் இல்லைன்னா எங்கிட்ட சொல்ல வேண்டாமா?"

தலைமையாசிரியர் திகைத்துப் போனார். "சொல்லாம என்ன? ஒவ்வொரு குழுக் கூட்டத்துலயும் சொன்னேனே!"

"எப்ப சொன்னீங்க?"

"போன கூட்டத்துலகூட... மாணவர் நலனையே உயிர்மூச்சாகக் கொண்டு அப்படின்னு ஆரம்பிச்சு..."

"அங்கயே தூங்கிட்டேன் சார்."

"நீங்க தலையாட்டினீங்களே!"

"அது தூக்கத்துல ஆடினது."

அரங்கம் வெடித்துச் சிரித்தது. கண் மருத்துவர்கூட வாசலை மறந்து சிரித்தார். சிரிக்காத ஒருவர் ஓரத்தில் நின்றிருந்த டீச்சர். தலைமையாசிரியரின் முகத்தை அவரால் பார்க்க முடியவில்லை. ஆண்டு முழுக்கக் கேட்டும் தர மறுக்கிறார்கள் என்று நினைத்து அந்த மனிதர் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருக்கிறார். கேட்டதே யார் காதிலும் விழவில்லை என்பது இப்போதுதான் அவருக்குத் தெரிகிறது, அதுவும் ஒலிபெருக்கியில்.

குழுத் தலைவர் வியாபாரி. நிலைமையைப் புரிந்துகொண்டு மைக்கைப் பிடுங்கினார். அறிவியல் ஆசிரியர் உடனே வருவார், நூலகம் நாளையே திறக்கும், மாடிக்கு மோட்டார் வாங்கப்படும் என்று வரிசையாக அறிவித்தார். நூலகமும் மாடித் தண்ணீரும் அறிக்கையில் இன்னும் வாசிக்கப்படவே இல்லை; எட்டிப் பார்த்துப் படித்துவிட்டிருந்தார். கைதட்டல் கூரையைத் தொட்டது. மிச்சமிருந்த ஓட்டப்பந்தயத்தையும் வெள்ளையடிப்பையும் தலைமையாசிரியர் தளர்ந்த குரலில் வாசித்து முடித்தார். அதற்கும் கைதட்டினார்கள்.

மறுநாள் காலை டீச்சர் தன் மேசை இழுப்பறையைக் காலி செய்து, பொருட்களைப் பையில் போட்டுக்கொண்டுதான் தலைமையாசிரியர் அறைக்குப் போனார். அவர் சன்னல் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

"எழுதினது யாரு?"

"ஒன்பதாம் வகுப்பு சார். கொடுத்தது நான்."

"நான் மறைக்கணும்னு எழுதல டீச்சர். கேட்டும் தர மாட்டேங்குறாங்க, பள்ளி மானம் போயிடக் கூடாதேன்னு, இருக்கிறதை நல்லவிதமா..." என்றவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். பிறகு, "எந்த இடத்துல புள்ளி வைக்கணும்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டார். கிண்டல் இல்லை, தெரியாமல்தான் கேட்டார்.

"சொல்ல வந்தது முடிஞ்ச இடத்துல சார்."

"முடிஞ்சிடுச்சுன்னு எப்படித் தெரியும்?"

எந்தப் பிள்ளையும் கேட்காத கேள்வி அது. "கேக்குறவங்க முகத்தைப் பாருங்க சார்" என்றார் கடைசியில்.

அவர் மெல்லத் தலையாட்டினார். விழித்துக்கொண்டுதான் ஆட்டினார். பணி நீட்டிப்புத் தாளை இழுத்துக் கையெழுத்துப் போட்டு நீட்டினார். டீச்சர் பையில் போட்டதையெல்லாம் திரும்ப இழுப்பறையில் அடுக்க வேண்டியதாயிற்று.

ஊரில் கதை வேறு விதமாகப் பரவியது. குறையை மேடையிலேயே பட்டென்று போட்டுடைத்த துணிச்சல்காரர் என்று தலைமையாசிரியருக்குப் பெயர் வந்தது. பக்கத்துப் பள்ளி ஒன்றில் 'சுருங்கச் சொல்லுதல்' பற்றிப் பேச அவரை அழைத்தார்கள். போய்ப் பேசினார். அங்கே மதியச் சாப்பாடு ஆறிப்போய், திரும்பச் சூடாக்கி, அதுவும் ஆறிப்போனதாகக் கேள்வி.

அறிவியல் ஆசிரியை வந்து சேர்ந்தார். இளையவர், கறாரானவர். விட்டுப்போன ஓராண்டுப் பாடத்தையும் பிடித்துவிடுவது என்று வரிந்து கட்டிக்கொண்டு வந்திருந்தார். காலையில் ஒரு வகுப்பு, மாலையில் ஒரு வகுப்பு, வாரக் கடைசியில் தேர்வு. மைதானத்தில் புழுதி அடங்கியது. பந்து ஆய்வக அலமாரிக்குள் போய்ப் பூட்டிக்கொண்டது. தாமாகவே கற்கும் திறன் என்ன லட்சணத்தில் வளர்ந்திருந்தது என்பது முதல் தேர்விலேயே வெளிச்சமானது. வகுப்பு மொத்தமும் தோற்றிருந்தது.

அதன்பிறகு தமிழ் வகுப்புக்குள் டீச்சர் நுழைந்தபோது ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. வணக்கம்கூட வாயளவில் வந்தது. மூச்சு பேசவே இல்லை. டீச்சருக்கு அதுதான் உண்மையில் கவலையாக இருந்தது.

"என்ன எல்லாரும் உம்முனு இருக்கீங்க?"

தந்தி எழுந்தான். அறிவியல் தேர்வுத் தாள் அவன் கையில் சுருண்டிருந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக முழு வாக்கியம் ஒன்று பேசினான்.

"டீச்சர், சுருக்குறப்ப அந்த முதல் வரிய மட்டும் நாம விட்டிருக்கலாம்."

"விட்டிருந்தா மார்க் குறைச்சிருப்பேன்" என்றார் டீச்சர். "உட்காரு. எல்லாரும் அடுத்த பாடத்தை எடுங்க."